பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

(குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)





வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பேக்கப் மென்பொருள் நல்லது என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் லாத்தா மகளுக்குக் கண்பார்வை இல்லை. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளின் துணையோடு பி.எட். படிக்கிறாள். போன வருடம் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. "பேக்கப் இருக்கிறது, கவலைப்படாதே" என்றேன். அந்த மென்பொருளை நான்தான் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்தேன். புது டிஸ்க் மாட்டி அதைத் திறந்தாள். பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை. "பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் என்விடிஏ சொன்னது. நான் வெளியூரிலிருந்து வரும்வரை நான்கு நாள், தேர்வு நேரத்தில், குறிப்புகள் இல்லாமல் காத்திருந்தாள். "பெட்டி என்னுடையது, சாவி உங்களிடம் இருக்கிறது மாமா" என்றாள். நான் வாங்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவரே, பிறர் உதவியின்றி, இழந்த ஃபைலைத் திரும்ப எடுக்க முடியுமா? இலவசமாகச் சோதிக்கத் தரும் நாட்களிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். மவுஸைத் தொடாமல், டேப், என்டர் விசைகளால் மட்டும் ஒரு ஃபைலை மீட்கச் சொல்லுங்கள். பார்வை மங்கிய வாப்பாவுக்கு எழுத்து பெரிதாகிறதா? கை நடுங்கும் உம்மாவுக்குப் பொத்தான் பெரிதாக இருக்கிறதா? பேக்கப் தவறினால் சிவப்பு, பச்சை நிறத்தால் மட்டும் காட்டாமல் எழுத்திலும் சொல்கிறதா?

இரண்டாவது, நகல்கள் சாதாரண ஃபைல்களாகவே இருப்பது நல்லது. சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிவிடும். அந்த மென்பொருள் இல்லாமல் அதைத் திறக்க முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, பெயரோடு தேதியும் சேர்த்துச் சாதாரண ஃபைலாகவே வைக்கும். காசும் கிடையாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் கூடவே வருகிறது. திரையை வாசிக்கும் வாய்ஸ்ஓவரும் அதிலேயே உண்டு.

மூன்றாவது, ஒரே இடத்தை நம்பாதீர்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழகிய விதி. வெளியே வைக்க கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கம்ப்யூட்டரோடு இணைந்து இயங்கும் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வெளி ஹார்ட் டிஸ்கையும் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற வைரஸ்கள், மாட்டியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு ஃபைலை பேக்கப்பிலிருந்து வேறொரு ஃபோல்டருக்கு மீட்டுப் பாருங்கள். நீங்கள் செய்யாதீர்கள், அந்தக் கம்ப்யூட்டர் யாருடையதோ அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவரால் முடிந்தால் அதுதான் உங்கள் வீட்டுக்கு நல்ல மென்பொருள். மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது அவளே எடுக்கிறாள், அவளே மீட்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.