நால்வர் பட்டியல்

  

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். இது சங்கரன்கோவில்காரர்களுக்குப் புதிதல்ல. 2012 மார்ச் 18 இடைத்தேர்தலுக்கு இந்த ஊரில் எத்தனை அமைச்சர்கள் முகாமிட்டார்கள், எத்தனை கார்கள் நின்றன என்று இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறீர்கள். அந்தத் தேர்தலின் நான்கு முக்கிய வேட்பாளர்களையும் யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் சென்னைப் பக்கம் கையைக் காட்டுகிறீர்கள். விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பட்டியல். அதற்குப் பிறகு, கட்சியின் வேட்பாளர் இவர் என்று அறிவிக்கும் 'பி' படிவத்தில் ஒரு கையெழுத்து. சின்னம் ஒதுக்கும் 1968-ஆம் ஆண்டு ஆணையின்படி தேர்தல் அதிகாரிக்கு அந்தக் கையெழுத்து போதும். கையெழுத்துக்கு முன்னால் தொகுதியில் யாரையாவது கேட்டார்களா என்பது அவர் கேட்கக் கூடாத கேள்வி.

இங்கேதான் என் நண்பர்களோடு எனக்குப் பல காலமாக வழக்கு. அவர்களில் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், தப்பிக்க வழியில்லை. அமெரிக்காவில் கட்சிகள் முதல்நிலைத் தேர்தல் நடத்தி வேட்பாளரை முடிவு செய்கின்றன. கட்சி சாராத வாக்காளருக்கும் அதைத் திறந்துவிட வேண்டுமென்று நீதிமன்றத்திலும் வெளியிலும் போராட்டம் நடக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. முதல்நிலைத் தேர்தல் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது நமக்கு அயல்சரக்கு என்பதையும், கதவைத் திறந்துவிட்டாலே போதும் என்பதையும் நான் ஒப்பவில்லை.

நம் நாட்டில் சட்டப்படியே முதல்நிலைத் தேர்தல் நடந்திருக்கிறது. அதுவும் நம்முடையதைப் போன்ற, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித் தொகுதிகளுக்காக. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைக் காந்தியின் உண்ணாவிரதமாகவே பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. அதன் இரண்டாவது கூறை நம் அரசியல் துறை மாணவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்?

ஒப்பந்தத்துக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, மாகாணச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 இடங்களைத் தந்தது. அந்த இடங்களுக்கு அவர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு இன்னொரு வாக்கு உண்டு. பின்னால் அந்த இரட்டை வாக்கு போனதே அம்பேத்கருக்குக் கடைசிவரை ஆறாத காயம். பூனாவில் இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. பதிலுக்குத் தனி வாக்காளர் தொகுதி போய்க் கூட்டுத் தொகுதி வந்தது. கையெழுத்திட்டவர்களில் நம் பக்கத்தார் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி. ராஜா ஒப்பந்தத்துக்கு முன்பே கூட்டுத் தொகுதிக்கு மாறிவிட்டவர். சீனிவாசன் அம்பேத்கர் பக்கம் நின்று வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர். இருவேறு நிலையினர் ஒரே தாளில் கையெழுத்திட வழி செய்தது இந்த இரண்டாவது கூறுதான் என்பது என் கணிப்பு.

அது சொல்வது இது. தொகுதியின் பொது வாக்காளர் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் தனியாகக் கூடி, ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில், ஒவ்வோர் இடத்துக்கும் நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிக வாக்குப் பெற்ற அந்த நால்வரே இறுதித் தேர்தலில் நிற்கலாம். இறுதியில் தொகுதி முழுவதும் வாக்களிக்கும். இந்த ஏற்பாடு பத்தாண்டுகளுக்கு. முதல் கதவு சமூகத்துக்கு, இரண்டாம் கதவு ஊருக்கு.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஒரு கற்பனைத் தொகுதி: முதல் சுற்றில் ஒருவருக்கு 2,000 வாக்கு, இரண்டாமவருக்கு 600, மூன்றாமவருக்கு 300, நான்காமவருக்கு 150. நால்வரும் சமமாகத்தான் இறுதிக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பான்மைச் சாதியினருக்கு 150 வாக்கு வாங்கிய நான்காமவரைப் பிடித்துப்போனால் வெற்றி அவருக்குத்தான். முதல் சுற்றின் 2,000 வாக்கு கணக்கில் எங்குமே ஏறாது. நான்கு என்ற எண்ணைப் போட்டவர்கள் தாராளமாக இருப்பதாக நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். அந்தத் தாராளமே வினையாயிற்று. இரண்டு என்று போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. நான்கு என்பது குறைந்த அளவா, கூடிய அளவா? நான்கு பேர் தேறாவிட்டால் தேர்தலே கிடையாது என்று ஒரு சாரார் வாதாடினார்கள். தொகுதிகளை வரையறுத்த ஹாமண்ட் குழு அதைக் கூடிய அளவாகவே கொண்டது. தாழ்த்தப்பட்டோருக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் அதன் விளைவாக, நான்கோ அதற்குக் குறைவாகவோ மனுக்கள் வந்தால் முதல் சுற்றே தேவையில்லை என்றாயிற்று. ஏழை வேட்பாளர் இரண்டு முறை செலவழிக்க முடியாது. பெரிய கட்சிக்கோ முதல் சுற்றில் தன் பலவீனத்தை ஊரறியக் காட்ட விருப்பமில்லை. ஐந்தாம் மனு வராமல் பார்த்துக்கொள்வது இருவருக்குமே வசதி. இப்படியாக 151 இடங்களில் (பின்னால் கூடிய எண்ணிக்கை அது) 1946 தேர்தலில் முதல் சுற்று நடந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களில்தான்.

இந்த ஏற்பாட்டின்படி நடந்த 1937 தேர்தலில் காங்கிரசின் 'மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கள்' என்ற முழக்கம் நம் மாகாணத்தைச் சுற்றிவந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. நாடு முழுவதும் 151 தனி இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 78 என்று அம்பேத்கர் கணக்கிட்டார். 1946-இல் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு இறுதியில் நொறுங்கியது. முதல் சுற்று நடந்த இடங்களைப் பாருங்கள், எங்கள் மக்கள் யாரைத் தேர்ந்தார்கள் என்று தெரியும் என அவர் லண்டன் வரை எழுதினார். யாரும் பார்க்கவில்லை.

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினர் நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: தனித் தொகுதியில் வெல்பவர் தம் சமூகத்தின் வாக்குகளில் 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும். வல்லபாய் பட்டேல் கடுமையாக எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு சுற்றுச் செலவின்றி ஒரே சுற்றில் அதே நியாயத்தைக் கேட்ட திருத்தம் அது. என்னைக் கேட்டால், பூனாவின் நால்வர் பட்டியலைவிடச் செம்மையானது. அதைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு முழு நூல் எழுத வேண்டும்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். டெக்சாசில் ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களை முதல்நிலைத் தேர்தலுக்குள் விடாமல் வைத்திருந்தது. 1944-இல் உச்ச நீதிமன்றம் 'ஸ்மித் எதிர் ஆல்ரைட்' வழக்கில் அதை உடைத்தது. அதே ஆண்டுகளில் இங்கே தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களிக்கும் மூடிய முதல் சுற்று சட்டத்தில் இருந்தது. அங்கே மூடியது விலக்குவதற்கு. இங்கே மூடியது குரல் கொடுப்பதற்கு. மூடியதா திறந்ததா என்று மட்டும் பார்க்கும் என் நண்பர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கனெக்டிகட்டில் குடியரசுக் கட்சி, எந்தக் கட்சியும் சாராதவர்களையும் அழைக்க விரும்பியபோது மாநிலச் சட்டம் தடுத்தது. 1986-இல் நீதிமன்றம் கட்சியின் பக்கம் நின்றது. கலிபோர்னியா எல்லாருக்கும் திறக்கச் சொல்லிக் கட்சிகளைக் கட்டாயப்படுத்தியபோது, அது செல்லாது என்று 2000-இல் சொன்னது. திறப்பதானாலும் மூடுவதானாலும் சாவி கட்சியிடமே இருந்தது. பிறகு கலிபோர்னியா 2010-இல் கட்சித் தேர்தலையே விட்டுவிட்டு, முதல் இருவர் இறுதிக்குப் போகும் முறைக்கு மாறியது. அலாஸ்கா 2020-இல் முதல் நால்வர் என்று வைத்தது. நால்வர்! ஆனால் அங்கே இறுதிச் சுற்றில் விருப்ப வரிசை உண்டு. பூனாவில் அது இல்லை.

நம் நாட்டிலோ இன்று முதல் சுற்றே கிடையாது. 2014-இல் காங்கிரஸ் பதினைந்து பதினாறு தொகுதிகளில் நிர்வாகிகளை மட்டும் வைத்து ஓர் ஒத்திகை பார்த்தது. வடோதராவில் அதில் வென்றவர், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் விலகி மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். நீதிமன்றம் நுழைந்ததும் உண்டு. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு அ.தி.மு.க. வேட்பாளரைப் பொதுக்குழு உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்டு முடிவு செய்யும்படி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. உட்கட்சி வழக்கின் தற்காலிகத் தீர்வுதான் அது என்றாலும், நீதிமன்றம் வேட்பாளர் தேர்வில் கை வைக்கவே முடியாது என்ற வாதம் அன்றோடு போயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்கிறது; உட்கட்சித் தேர்தல் நடத்தவில்லை என்று பதிவை ரத்து செய்ய தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பின் விளைவு. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொன்ன சட்ட ஆணையத்தின் 1999 அறிக்கை அப்படியே கிடக்கிறது. கட்சித்தாவல் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் 'பி' படிவத்தின் கையெழுத்து இன்னும் கனக்கிறது. அது தனிப் பேச்சு.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு உரியவை. நம் மாவட்டத்தில் இந்தச் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும். இந்த 44-இலும் கட்சிக்கு அப்பாற்பட்டு அந்தச் சமூக வாக்காளர்களிடம் முதலில் கேட்கும் முறையைச் சோதிக்கலாம். இருவர் பட்டியல் போதும். செலவை அரசு ஏற்க வேண்டும். பொதுத் தொகுதிகளில் முதலில் கட்சி உறுப்பினர், பிறகு சாராதவர் என்று படிப்படியாகத் திறக்கலாம். வரிசையை மாற்றினால் ஆள் திரட்டத் தெரிந்தவர் கையில்தான் போய்ச் சேரும்.

ஆய்வு மாணவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் 1937, 1946 தேர்தல்களின் சென்னை மாகாணக் கோப்புகளைத் தொகுதிவாரியாகத் தொகுக்க வேண்டும். முதல் சுற்றில் முந்தியவர் இறுதியில் எந்த இடத்துக்கு வந்தார் என்ற அட்டவணை ஒன்றே என் நண்பர்களுக்கும் எனக்கும் இடையிலான வழக்கைப் பாதி தீர்த்துவிடும். உங்கள் வீடுகளில் அந்தக் காலத்துத் துண்டறிக்கையோ வாக்காளர் பட்டியலோ பழைய பெட்டிகளில் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகலையாவது பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள்.