ஆங்கில வகுப்பறையும் தமிழ் அவையும்

(வண்டலூரில் நடைபெற்ற வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், பள்ளிகளில் நிகழும் ஆங்கில இலக்கியச் செயற்பாடுகளைப் பற்றிப் பேச ஒரு தமிழ் விரிவுரையாளர் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அழைப்பிதழைக் கண்ட அன்பர் ஒருவர், "அச்சுப்பிழை நேர்ந்துவிட்டதோ, அம்மா?" என்று என்னிடமே கேட்டார். பிழை ஏதுமில்லை. நான் கேட்டுப் பெற்ற தலைப்பு இது. ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை இருப்புப்பாதையின் இருமருங்கிலும் உள்ள பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் மன்றம் ஒன்றும் ஆங்கில மன்றம் ஒன்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியே அமர்ந்திருக்கும். தமிழ் மன்றத்தில் திருக்குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி. ஆங்கில மன்றத்தில் பாடல் ஒப்பித்தல், நாடகக் காட்சி, சொல்லெழுத்துப் போட்டி. இரண்டிலும் உட்கார்ந்திருப்பது ஒரே குழந்தை என்பதை மட்டும் இரு மன்றத்தாரும் மறந்துவிடுகிறோம். 'மறந்துவிடுகிறோம்' என்று தன்மைப் பன்மையில் சொல்கிறேன். தமிழாசிரியர் குலத்தை விலக்கி வைத்துப் பேசுவது முறையாகாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிருந்து கூப்பிடு தொலைவில், தாம்பரத்தில் இருக்கிறது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1937இல் இங்கு வருவதற்கு முன் அது நகருக்குள், உயர்நீதிமன்றத்தை அடுத்த எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. அங்கே 1890களில் தமிழ் கற்பித்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று நாம் போற்றுகிறோமே, அவர்தாம். கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் மில்லர் சேக்சுபியரில் தோய்ந்தவர். ஒரு நாள் மில்லர், ஆர்தர் மன்னனை ஏற்றிச் செல்லும் படகை அன்னத்தோடு ஒப்பிட்ட டென்னிசனின் உவமையை வியந்து பேசினாராம். கேட்டிருந்த பரிதிமாற் கலைஞர், குகன் செலுத்திய நாவாயின் நடையைக் கம்பர் அன்னத்தின் நடையாகக் கண்டிருப்பதை அப்போதே எடுத்துச் சொன்னாராம். இதை நம்மவர் மேடைதோறும் சொல்வர். சொல்லி, 'பார்த்தீர்களா, நம் கம்பன் முந்திவிட்டான்' என்று முடிப்பர். எனக்கு அந்த வெற்றி பெரிதாகப் படவில்லை. ஓர் ஆங்கிலப் பாடலைக் கேட்ட மாத்திரத்தில் அதற்கு இணையான தமிழ்ப் பாடல் நினைவின் மேற்பரப்புக்கு வருகிறது அல்லவா, அந்தப் பழக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே பழக்கம்தான் ஆங்கிலச் சானட் வடிவத்தை உளங்கொண்டு தனிப்பாசுரத் தொகையை இயற்றச் செய்தது. அப்பாசுரங்களை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாடகவியலும் அந்த ஊற்றிலிருந்து சுரந்ததே. 33 அகவையில், 1903இல் மறைந்த ஒருவர் செய்த வேலை இது. அவரோடு சேர்ந்து ஞானபோதினி இதழை நடத்திய மு.சி. பூரணலிங்கம் பிள்ளை ஆங்கிலம் கற்பித்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடி ஒரு தமிழ் இதழ் நடத்தினார்கள்.

பாரதியைப் பற்றி இந்த அவையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கல்வி தமக்கு இழைத்த தீங்கை மனம் கசந்து பாடியவர், ஷெல்லியின் மீது கொண்ட காதலால் 'ஷெல்லிதாசன்' என்று தமக்கே பெயரிட்டுக் கொண்டவரும் ஆவார். பள்ளி தந்த ஆங்கிலம் வேறு, அவர் தாமே தேடிக்கொண்ட ஆங்கிலம் வேறு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்தியன் ஆக்கினார். வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன் ஆக்கினார். பெயரைக் கேட்டு இன்று சிரிக்கலாம். அவர் மேடையேற்றியபோது பார்த்தவர்கள் அழுதார்கள்.

இனி இன்றைய வகுப்பறைக்கு வருவோம். 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்ட மேல்வகுப்பு ஆங்கில நூல்களை வரிவரியாகப் படித்தேன். நல்ல நூல்கள் என்றே சொல்வேன். தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சுவை இருந்திருக்கிறது. ஆனால் அவற்றில் உள்ள சில பாடங்கள், தமிழ் அறிந்த ஒருவர் அருகில் இருந்தாலன்றிப் பாதியே திறக்கும்.

பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் சேக்சுபியரின் 'டெம்பெஸ்ட்' நாடகம் கதைவடிவில் இருக்கிறது. சார்லசு லாம்பும் அவர் தமக்கை மேரியும் 1807இல் சிறுவர்க்காக எழுதிய கதைகளின் வழியாகவே இந்நாடகங்கள் உலகெங்கும் பள்ளிக்குள் நுழைந்தன. மூல நாடகத்தில் தீவின் பழங்குடியான காலிபன், தனக்கு மொழி கற்பித்த எசமானனைப் பார்த்து, நீ தந்த மொழியால் நான் பெற்ற பயன் உன்னைச் சபிக்கக் கற்றதுதான் என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்கிறான். ஆண்டவனுக்கும் அடிமைக்கும் இடையே மொழி என்ன செய்யும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் ஆங்கில இலக்கியத்தில் அரிது. லாம்ப் உடன்பிறப்புகளின் கதையில் அந்தச் சொல் இல்லை. காலிபன் பேசக் கற்றுக்கொடுக்கப்பட்டும் திருந்தாத முரடனாக, விறகு சுமப்பவனாக மட்டும் வருகிறான். மொழி கற்ற குழந்தைக்கு மொழியைப் பற்றிய கேள்வி மட்டும் மறைக்கப்படுகிறது. யாரும் சூழ்ச்சி செய்து மறைக்கவில்லை. சிறுவர்க்கு வேண்டாம் என்று 200 ஆண்டுகளுக்கு முன் இருவர் விட்டார்கள், நாம் அப்படியே வைத்துக்கொண்டோம். ஆங்கில மன்றத்தில் இந்நாடகத்தை நடிக்கும்போது அந்த ஒரு காட்சியைத் திரும்பச் சேர்த்தால் போதும்.

பன்னிரண்டாம் வகுப்பில் மனித வாழ்வை ஏழு பருவமாகக் காட்டும் சேக்சுபியரின் பகுதி இருக்கிறது. ஏழு என்றதும் இந்த அவையில் எத்தனை பேருக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று நா தானே ஓடியிருக்கும்! அங்கே ஏழும் ஆணின் பருவங்கள். பெண் தாதியாகவும் காதலியாகவும் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறாள். நம் உலா இலக்கியத்தில் ஏழும் பெண்ணின் பருவங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெருவில் வரும் தலைவனைப் பார்த்து மயங்குவதைத் தவிர வேலை இல்லை. அங்கே ஆண் பிறந்து, படித்து, போரிட்டு, நரைத்து, பல்லிழந்து சாகிறான். இங்கே பெண் பேரிளம்பெண் ஆனதும் கணக்கு முடிந்துவிடுகிறது; 40 வயதோடு நிறுத்திவிட்டார்கள். அதைக் கடந்துவிட்ட எங்களைப் போன்றோர்க்கு உலாவில் நிற்க இடமில்லை. (சிரிப்பு) வேடிக்கையாகச் சொன்னாலும், இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மணிநேரம் பேசினால் பதினேழு வயது மாணவி இரண்டு இலக்கியங்களையும் கேள்வி கேட்கத் தொடங்குவாள். ஒன்றை மட்டும் படித்தால் ஒப்பித்துவிட்டுப் போவாள்.

ஒப்பித்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நம் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில மன்ற விழாவுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். 21 வயதில் மறைந்த வங்கப் பெண் கவிஞர் தோரு தத், கல்கத்தாத் தோட்டத்து மரம் ஒன்றை, அதன் நிழலில் தம்மோடு விளையாடி மறைந்துபோன உடன்பிறப்புகளின் நினைவாகப் பாடிய பாடல் உண்டல்லவா, அதை ஒரு மாணவி ஒப்பித்தாள். பிழையே இல்லை. உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் அருமை. பரிசு கொடுக்கும்போது, "அந்தக் கேசுவரினா மரத்தை நீ பார்த்திருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க மிஸ், அது கல்கத்தாவில் இருக்கும் மரம்" என்றாள். நாங்கள் நின்றுகொண்டிருந்த பந்தலின் கால்கள் அத்தனையும் சவுக்கு. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடற்கரையோரம் அவள் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கக்கூடிய சவுக்கு. "இதுதான் அது" என்றேன். அவள் பந்தற்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ அந்தப் பாட்டை இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்றாள். நேரமில்லை என்று நிகழ்ச்சி நடத்துபவர் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

இதில் ஆங்கில ஆசிரியரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பாடத்தை முடிக்க வேண்டும். வினாத்தாள் கேட்பதைக் கற்பிக்க வேண்டும். சவுக்கு என்ற சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் அந்த மேடையில் இருப்பதே இல்லை.

இன்னும் வியப்பானது கி. ராஜநாராயணனின் 'நாற்காலி'. அக்கதை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக இருக்கிறது. நாற்காலியே இல்லாத கரிசல் வீட்டில் பெருமைக்காக ஒன்று செய்கிறார்கள். ஊரில் எவர் இறந்தாலும் பிணத்தை உட்காரவைக்க அதையே இரவல் கேட்கிறார்கள். பிறகு அதில் உட்கார வீட்டாருக்கே அச்சம். கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்த ஒருவரின் கதையை, கரிசல் பேச்சு முழுவதும் வடிந்த பிறகு, தமிழ்க் குழந்தை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதுகிறது. பெத்தண்ணா என்னும் பெயருக்குள் ஒரு தெலுங்குக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சியே இருக்கிறது. அதை ஆங்கிலம் எப்படிச் சொல்லும்? மூலக்கதை பள்ளி நூலகத்தில் கிடைக்காமல் போகாது. இரண்டையும் ஒரே நாளில் உரக்கப் படிக்கச் செய்து, எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவில்லை என்று மாணவரையே கேட்கலாம்.

பத்தாம் வகுப்பில் அல்போன்சு தோதேயின் 'கடைசிப் பாடம்' இருக்கிறது. 1870-71 போரில் பிரான்சு தோற்றபின் அல்சேசுப் பள்ளியில் பிரெஞ்சுக்கு விடைகொடுக்கும் கதை. தாய்மொழிப் பற்றுக்கு எடுத்துக்காட்டாக நாம் மேடைகளில் கொண்டாடும் கதை. அல்சேசு மக்களில் மிகப் பலரின் வீட்டுமொழி ஜெர்மானியக் கிளைமொழியே என்பதைத் தோதே சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பையனின் தாய்மொழி எது? வீட்டில் பேசும் பேச்சும் பள்ளி தரும் மொழியும் வேறான நம் பகுதிக் குழந்தைகளுக்கு இது எட்டாத கேள்வியன்று. அரசுப் பள்ளிகளிலும் 2012-13க்குப் பிறகு ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. பெற்றோர் விரும்பியே சேர்க்கிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை.

கவிஞர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். இந்த அவையில் 25 வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொல்லப் போவதில்லை. நம் கவிதைகளைப் படிக்க வேண்டியவர்கள் இப்போது ஆங்கில மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தாமாக இங்கு வருவார்கள் என்று பத்தாண்டுகள் காத்திருந்தோம்.

என் வேண்டுகோள் சிறியது. அந்த நூல்களிலிருந்து ஆளுக்கு ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மேடையில் நின்று சொல்லக்கூடிய தமிழில் அதை ஆக்கித் தாருங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம். பந்தற்காலைச் சவுக்கு என்று சொன்னால் போதும். பருவத்துக்கு ஒருமுறை இரு மன்றங்களையும் ஒன்றாகக் கூட்டும்படி தலைமையாசிரியர்களைக் கேட்போம். ஆங்கில ஆசிரியர்கள் தயங்குவார்கள். மாணவர் வாயிலிருந்து ஓர் ஆங்கில வாக்கியம் வரவைக்க அவர்கள் பட்ட பாட்டைத் தமிழ் விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் நியாயமானது. ஆகவே வகுப்பறையில் நுழைய வேண்டாம். மன்ற நேரம் மட்டும் போதும். கைம்மாறாக நம் கவிதை ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொல்வோம். நம் வரிகளில் பொருளில்லாத இடம் எது என்பது அப்போது நமக்கும் தெரியவரும். அதற்கும் அணியமாக வாருங்கள்.

நான் தோரு தத்தின் பாடலை எடுத்துக்கொள்கிறேன். ஏழு பருவப் பகுதியை எவரேனும் ஆண் கவிஞர் எடுத்துக்கொண்டு, பெண்ணின் எட்டாம் பருவத்தையும் சேர்த்தால் மகிழ்வேன். மற்றவற்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய தாள் செயலாளரிடம் இருக்கிறது. இன்றே எழுதிவிட்டுச் செல்லுங்கள்.