பரிசளிப்புக்குப் பின்

செம்பூர்த் திலக் நகர்வாழ் தமிழன்பர்களே,

நம் ஊர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாச் செய்தி வந்திருக்கும். நாடகத்திலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு பெற்ற பிள்ளைகளை வாழ்த்துவோம்.

காமராசர் முதல்வராயிருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. ஊராரே பள்ளிக்கு வேண்டுவன வழங்கினர். 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’த் திட்டம், தொலைவில் வாழ்வோரும் உதவ வழிவகுத்தது.

பொருளுதவி நன்று. அதனினும் நன்று, பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்த பிள்ளை மேல்நிலைப் பள்ளியிற் சேர்ந்ததா என்று ஜூன் மாதத்தில் கேட்டறிவது. தொலைவும் வறுமையும் பலரைத் தடுக்கின்றன. “இங்கே வேலைக்கு அனுப்புங்கள்” என நாமே அழைத்தால், அப்பிள்ளை பெற்ற பரிசுக்குப் பயன் யாது? “படிக்கட்டும், செலவுக்கு நான் இருக்கிறேன்” என்று ஊருக்கு எழுதுங்கள்.