வலது ஓரத்திலிருந்து முன்களத்துக்கு

உடற்கல்வியில் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

கெவின் பிலிப்ஸ் என்ற கால்பந்து வீரரைப் பற்றி இன்று பேச நினைக்கிறேன். 1973இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1999-2000 பருவத்தில் சண்டர்லேண்டு அணிக்காக, இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் 30 கோல் அடித்து, ஐரோப்பிய லீக்குகளில் கோல் குவிப்பவருக்கான தங்கக் காலணி விருதை வென்ற முதல் ஆங்கிலேயர் ஆனார். இன்னொரு ஆங்கிலேயர், ஹாரி கேன், அதை வெல்ல 2024 வரை ஆயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்தைய கதை. பதின்ம வயதில் பிலிப்ஸ் சவுத்தாம்ப்டன் கழகத்தில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். மூத்த வீரர்களின் காலணிகளை இளையவர்கள் துடைத்து வைப்பது அந்நாள் வழக்கம். இவர் துடைத்தது ஆலன் ஷியரரின் காலணியை. முன்களத்தில் ஆட உயரம் போதாது என்று இவரை வலதுபுறத் தற்காப்பில் நிறுத்தினார்கள். கடைசியில் அதற்கும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து பால்டாக் டவுன் என்ற சிறிய அணிக்குப் போனார். இங்கிலாந்து லீக்கின் மேல் நான்கு அடுக்குகளுக்கும் கீழே இருந்த அணி அது. அதன் மேலாளர் இயன் அல்லின்சன், முன்பு ஆர்சனலுக்கு ஆடியவர். அவர்தான் இந்தப் பையனைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்களத்தில் ஆடவிட்டார். கோல்கள் வரத் தொடங்கின. 1994 இறுதியில் வாட்ஃபோர்டு 10,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1997இல் சண்டர்லேண்டுக்குப் போனார். முதல் பருவத்திலேயே 35 கோல்.

பயிற்சியாளராகப் போகும் பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதே கால்கள், அதே உயரம், அதே பையன். நிற்கும் இடம் மட்டும் மாறியது. மாற்றியவருக்குப் பெரிய மைதானமும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. ஒரு பையனைப் பார்க்கத் தெரிந்திருந்தது. நாளை நீங்கள் அணி எடுக்கும்போது, ஒருவனைக் கழித்துவிடும் முன் வேறொரு இடத்தில் இறக்கி ஒரு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள்.

எல்லாமே ஏறுமுகமாக இருந்துவிடவில்லை. இங்கிலாந்துக்காக 8 ஆட்டங்களில் ஆடியும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தங்கக் காலணி வென்ற அதே கோடையில், யூரோ 2000 அணியில் இருந்தும் ஒரு நிமிடமும் களமிறக்கப்படவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறாத மனக்குறை. ஆனாலும் அணி மாறி அணி மாறி ஆடிக்கொண்டே இருந்தார். 2013 மே மாதம், வெம்பிளி மைதானம். பிரீமியர் லீக்குக்கு ஏறப்போவது யார் என்பதற்கான இறுதி ஆட்டம். கிரிஸ்டல் பேலஸ் அணிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். கூடுதல் நேரத்தில் வில்ஃபிரட் சாஹா பெட்டிக்குள் வீழ்த்தப்பட, பெனால்டி. 39 வயது பிலிப்ஸ் பந்தை வைத்தார். எதிரே இருந்தது, அவரை 10,000 பவுண்டுக்கு எடுத்து ஆளாக்கிய அதே வாட்ஃபோர்டு. தயங்காமல் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். சில கழகங்களில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2022 ஜனவரியில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்து ஊரான சவுத் ஷீல்ட்ஸ் அணிக்கு மேலாளரானார். அது ஏழாவது அடுக்கு. தங்கக் காலணிக்காரர் அங்கேயா என்று கேட்டால், ஆமாம், அங்கேதான். அவரைக் கண்டெடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு கீழ் அடுக்குதானே! அதை இறக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022-23இல் அந்த அணி பட்டம் வென்று ஆறாவது அடுக்குக்கு ஏறியது. அதோடு விலகினார்.

2024 ஜனவரியில் ஐந்தாவது அடுக்கில் இருந்த ஹார்ட்டில்பூல் அவரை அழைத்தது. பருவத்தின் நடுவில், வேறொருவர் சேர்த்த வீரர்களோடு தொடங்க வேண்டிய வேலை. கீழ் அடுக்கு மேலாளருக்குக் காலம் கொடுக்க யாரிடமும் பொறுமை இருப்பதில்லை. பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் அடித்த கோல்களை யாரும் மறந்துவிடவில்லை. மேலாளர் வேலையில் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டே அந்த வேலைக்குப் போனவர் என்பதால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.