ஏற்பியும் படைப்புழுவும்



மொழியியல் பயின்ற நாம் உயிரணுவைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் வினவலாம். அறிவியற்சொல் எதைக் காட்ட வேண்டும், எதை மறைத்துவிடலாகாது என்பதே இன்று நம் பொருள்.

அச்சம் தோன்றியதும் அட்ரினலின் என்னும் இயக்குநீர் குருதியிற் கலக்கிறது. உயிரணுவின் மேற்படலத்தில் பதிந்துள்ள ஒரு புரதம் அதனைப் பற்றி, செய்தியை உள்ளே கடத்துகிறது. அப்புரதமே ‘ஏற்பி’. ஏல் என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல் தன் தொழிலைத் தானே உரைக்கிறது. ஆஸ்துமா நோயாளர் உள்ளிழுக்கும் மருந்து மூச்சுக்குழலை விரிப்பதும் பீட்டா-2 என்னும் ஏற்பியின் வழியேதான்.

ஏற்பியின் வடிவத்தை ஆராய மிகுதியான புரதம் வேண்டும். உடலிலோ அது மிகக் குறைவு. பாக்டீரியாவில் ஆக்க முயன்றால், இத்தகைய புரதம் பெரும்பாலும் செவ்வனே மடிந்து படலத்திற் பதிவதில்லை. பூச்சியின் உயிரணு அப்பணியைச் செய்யவல்லது.

1983இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும் அதற்கு வழி வகுத்தனர். புழுக்களைத் தாக்கும் பாக்குலோவைரஸ், வெளியுலகில் தன்னைக் காக்கும் உறைக்கென ஒரு புரதத்தைப் பெருமளவில் ஆக்குகிறது. குடுவையில் வளரும் உயிரணுக்களிடையே பரவ அவ்வுறை வேண்டுவதில்லை. ஆதலின், அதற்குரிய மரபணுவின் இடத்தில் நாம் விரும்பும் மரபணுவை வைக்கலாம். ஏறத்தாழ 27 பாகை செல்சியஸில் வளரும் பூச்சியணுக்கள், அவ்வைரஸ் தொற்றிய சில நாள்களில் நாம் வேண்டும் புரதத்தை ஆக்கித் தருகின்றன. பிரையன் கோபில்கா குழுவினர் 2007இல் வெளியிட்ட பீட்டா-2 ஏற்பியின் வடிவம் இவ்வாறு பெற்ற புரதத்தைக் கொண்டே அறியப்பட்டது. 2012இல் கோபில்காவும் இராபர்ட் லெஃப்கோவிட்ஸும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அவ்வணுக்களின் பெயர் ‘எஸ்எஃப்9’. இக்குறியீட்டை மட்டும் எழுதி நின்றால் மாணவர் என்ன அறிவார்? அது ஸ்போடாப்டெரா ஃபுருஜிபெர்டா என்னும் இலத்தீன் பெயரின் சுருக்கம். 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கருநாடகத்தில் காணப்பட்டு, தமிழக மக்காச்சோள வயல்களையும் அழித்த படைப்புழுவே அது! அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்தவையே இவ்வணுக்கள். உழவரின் பகையும் மருந்தாய்வின் துணையும் ஒரே உயிர் என்பதைக் குறியீடு மறைக்கிறது; தமிழ்ப்பெயர் காட்டுகிறது.

குறியீட்டை நீக்க வேண்டா. உலக ஆய்வாளர்க்கு அது பொதுச்சொல். அதன் அருகே படைப்புழு எனவும் எழுதுவோம்.

2003 முதல் சில ஆண்டுகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறியதையும், பின்னர்த் தமிழுக்கு மீண்டதையும் அறிவீர்கள். மீண்ட இடத்தைக் காப்பது பாடமொழி மட்டுமன்று. பொருள் விளங்கும் சொல்லுமாகும். இடைநிலைப்பள்ளியில் மலாயில் பயிலச் செல்லும் மாணவர், ஏற்பி என்ற சொல்லோடு அது செய்யும் தொழிலையும் நெஞ்சிற் கொண்டு செல்லட்டும். எம்மொழியில் மீண்டும் சந்தித்தாலும் அதனை அவர் இனங்காண்பார்.