நீதிமன்றமா, மக்கள் மன்றமா?



கருக்கலைப்பு குற்றமா, உரிமையா? முடிவு கட்ட வேண்டியவர் யார்? கறுப்பு அங்கி அணிந்த நீதிபதியா, கருத்துரைக்கும் பொதுமக்களா? கேள்வியைக் கேட்டாலே முகஞ்சுளிப்போர் உண்டு. மேடையிலே பேசத் தக்கதா இது என்பர். மறைவிலே கலைக்க முயன்று மாண்டுபோகும் பெண்ணைப் பற்றி மேடையிலே பேசாமல், வேறெங்கே பேசுவது?

1860ஆம் ஆண்டில் வெள்ளையன் தந்த தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிர் காக்கவன்றி வேறெதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம் என்றது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி என்றது. அந்த இரும்புக் கதவைத் திறந்தது தீர்ப்பு அல்ல. 1964இல் சாந்திலால் ஷா தலைமையிலே குழு அமைந்தது. 1971இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மருத்துவர் ஒப்பினால் 20 வாரம் வரை கலைக்கலாம் என்றது. 2021இல் குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு அந்த எல்லை 24 வாரமாயிற்று.

நீதிமன்றத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. 2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்றது. வரவேற்றோம். ஆனால் 2023 அக்டோபரிலே, 26 வாரங்கடந்த ஒரு தாய் அதே மன்றத்தின் வாயிலிலே நின்றபோது, சட்டம் வகுத்த எல்லை தாண்டிவிட்டது என்று மறுத்தது. தறியறிந்த காஞ்சிக்கு இது விளங்கும். பாவு எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் சேலை! பாவு தருவது பாராளுமன்றம். ஊடை ஓட்டுவது நீதிமன்றம். இரண்டுக்கும் நூல் தருவது மக்கள் கருத்து.

அமெரிக்காவைப் பாருங்கள். 1973இல் தீர்ப்பால் வந்த உரிமை, 2022 ஜூனில் தீர்ப்பாலேயே போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டிலே கான்சாஸ் மாநில மக்கள், வாக்குச்சீட்டைக் கேடயமாக்கித் தம் மாநிலத்திலே அவ்வுரிமையைக் காத்தனர்.

மக்கள் கருத்து என்றால் பெரும்பான்மையின் பிடிவாதமா? பெண்ணின் உடலை ஊர்ப் பஞ்சாயத்திலே ஏலமிடுவதா? இல்லை, தோழர்களே! கருத்து என்பது எண்ணப்படுவது மட்டுமல்ல, உருவாக்கப்படுவது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. நாம் தீர்ப்பைத் திட்டிக்கொண்டு திண்ணையிலே அமரவில்லை. ஊர் ஊராய்ச் சென்று உள்ளங்களை மாற்றினோம். 1967இல் காஞ்சி தந்த அண்ணாவின் ஆட்சி, சட்டமன்றத்திலே அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்தே!

இன்னும் மிச்சமிருக்கிறது பணி. வெள்ளையன் சட்டம் 2024இல் விடைபெற்றது. அந்தக் குற்றமோ, புதிய சட்டத்தின் 88ஆம் பிரிவிலே புகுந்துகொண்டது. முடிவெடுக்கும் பேனாவும் மருத்துவரிடமே இருக்கிறது, சுமப்பவளிடம் இல்லை.

ஆகவே, நெசவாளர் தெருக்களுக்குச் செல்லுங்கள். தாயிடமும் தந்தையிடமும் பேசுங்கள். "சுமப்பவள் அவள், முடிவும் அவளுடையதே" என்று வீடுதோறும் சொல்லுங்கள். வீடு ஏற்றால் நாடு ஏற்கும். நாடு ஏற்றால் சட்டம் வளையும். சட்டம் மாறினால் தீர்ப்பும் மாறும்!