வைகறைப் பயிற்சி

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் வென்ற ஆண்கள், அதன்பின் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடி முடித்தாக வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. இரவெல்லாம் விழித்துப் படித்துப் பெற்ற வெற்றியை அந்தச் சில நிமிடங்களில் இழந்து திரும்பும் நம் பிள்ளைகளைக் காண்கிறோம். அழைப்புக் கடிதம் வந்தபின் ஓடத் தொடங்குவது அறுவடை நாளில் விதை தேடுவதை ஒக்கும்.

"நாள் முழுதும் வயலில் உழைக்கிறோமே, தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று நம் முதியோர் கேட்பர். நியாயமான கேள்வியே. கோழி கூவுமுன் எழுந்தவர்கள் நாம். ஆயின், பிறர் வயலுக்காக எழுந்தோம். குனிந்தே செய்யும் வேலை இடுப்பை நோகச் செய்யுமேயன்றி, ஓடுதற்குரிய மூச்சைத் தந்துவிடாது. மேலும், இன்றைய பிள்ளைகள் வயலிலும் இல்லை; புத்தகத்தின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்திருக்கின்றனர்.

பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். தீண்டாமைக்கு ஆளான சம்பார் வகுப்பில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் மன்றத்தின் ஆடுகளத்தைப் பராமரித்த கூலியாள். கிரீக் என்னும் ஆங்கில ஆட்டக்காரர் மற்றவர்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பழகுவார். நாள் தவறாமல் வீசிய அப்பந்துகளே பாலுவை ஆளாக்கின. பின்னர் இந்து அணியில் சேர்க்கப்பட்டபோதும் அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, மண்குவளையில்! அவர்தாம் 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடுவளவாக 66 நாள் என்று கண்டனர். விரைந்தவர்க்கு 18 நாள். மெதுவானவர்க்கு 254 நாள் ஆகும் என்பது அவர்கள் கணிப்பு. இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. மழை பெய்த ஒரு காலையோடு ஓட்டத்தைக் கைவிடும் நம் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

நேரமும் இடமும் மாறாதிருத்தல் நலம். முகம் கழுவியதும் புறப்பட்டுவிட வேண்டும். முதல் இரு வாரம் பத்து நிமிட விரைவு நடையே போதும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரவு பத்து மணிக்கு உறங்காதவன் ஐந்து மணிக்கு எழுவதாவது! பெண் பிள்ளைகளுடன் இரண்டு தாய்மார்கள் துணை செல்லலாம். அவர்களுக்கும் நடை நல்லதே.

பொதுத் திடலில் நாம் ஓடினால் முகம் சுளிப்போர் சில ஊர்களில் இன்னும் உண்டு. அரசுப் பள்ளித் திடல் எந்தச் சாதிக்கும் தனிச்சொத்து அன்று. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று அங்கே ஓடுவோம்.

வரும் திங்கட்கிழமை காலை 5.30 மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன் கூடுவோம். விலையுயர்ந்த காலணி வேண்டியதில்லை. வருகைக்கென ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் சென்று விசாரிப்பார்.